கேள்வியை அவனிடமே கேளுங்கள்

என் தம்பிக்கு 26 வயது. லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவன். அவனோடு எங்கே போனாலும் கேள்வி அவனைப் பற்றியதாக இருக்கும், ஆனால் கேட்பது என்னிடம்.

சமீபத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன். டாக்டரோ என்னைப் பார்த்து, "இவருக்கு எந்தப் பல் வலிக்குது?" என்றார். "அவன்கிட்டயே கேளுங்க டாக்டர், சொல்வான்" என்றேன். கேட்டார். உடனே பதில் வரவில்லை. கேள்வியை வாங்கிக்கொண்டு யோசித்துச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி கேட்டால் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாகிவிடும். டாக்டர் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, "கீழ, கடைசிப் பல். ஐஸ் தண்ணி பட்டா வலிக்கும்" என்றான். அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பள்ளியில் இந்தப் பொறுமை அவனுக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்குமான பள்ளியில்தான் படித்தான். ஆனால் மற்றவர்கள் கணக்குப் போடும்போது கடைசி பெஞ்சில் அவன் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பான். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, எல்லோரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையோடு அவரவர் தேவைக்கேற்ற உதவியையும் சேர்த்தே சொல்கிறது. வகுப்பில் இடம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அவனுக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சிறப்பாசிரியர். சட்டைப் பட்டன் போடுவதைக் கடைசியிலிருந்து தொடங்கினார். மற்ற பட்டன்களையெல்லாம் அவரே போட்டுவிட்டு, கடைசிப் பட்டனையும் ஓட்டைக்குள் பாதி நுழைத்துக் கொடுப்பார். இழுத்துவிட்டால் போதும், வேலையை முடித்தது அவன்தான். அது பழகியதும் கடைசிப் பட்டன் முழுக்க அவன் பொறுப்பு, பிறகு கடைசி இரண்டு. ஒவ்வொரு முறையும் முடித்த சந்தோஷம் அவனுக்கே.

*

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: அக்கா, என் மகளுக்கு ஷூ லேஸ் கட்டப் பழக்கியதும் இதே முறையில்தான். எங்களுக்குப் பள்ளி முடிந்த பிறகுதான் கஷ்டம் அதிகம். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேறு இடம் போய்விட்டார்கள், கூப்பிட ஆளில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், 19 வயதுப் பெண்ணிடம், "செல்லக்குட்டி, ஒரு ரைம்ஸ் சொல்லு" என்கிறார்கள். முகம் சுருங்கி உள்ளே போய்விடுவாள். அவள் ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டுகிறாள். வேலை எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், பக்கத்தில் உட்காரவைத்து எந்த எண் எந்த அலமாரி என்பதுவரை சொல்வாள்.