‘ஸோன் ஆஃப் கன்ட்ரோல்’: போர்ப்பலகை ஆட்டத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அறுகோணக் கட்டங்களில் அட்டைக் காய்களை நகர்த்தி ஆடும் பழைய போர்ப்பலகை ஆட்டங்களின் விதிகளைத் தமிழில் எழுதும்போது ஒரே ஒரு சொல் வசப்படாமல் நிற்கிறது. காய், கட்டம், பகடை, அடுக்கு, தாக்குவலு, நகர்வுப் புள்ளி எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. ‘ஸோன் ஆஃப் கன்ட்ரோல்’ மட்டும்தான் பாக்கி. ஆடுபவர்கள் வாயில் அது ‘ஸாக்’.

இந்த ஆட்டங்கள் பழக்கமில்லாதவர்களுக்காக: ஒரு காயைச் சுற்றியிருக்கும் ஆறு கட்டங்களும் அதன் ஸாக். எதிரிக் காய் அதில் கால்வைத்தால், எத்தனை நகர்வுப் புள்ளி மிச்சமிருந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். சார்ல்ஸ் ராபர்ட்ஸ் 1954-இல் கொண்டுவந்த டாக்டிக்ஸ் ஆட்டம் சதுரக் கட்டத்தில் ஆடுவது. 1961-இல் அவலான் ஹில் நிறுவனம் அறுகோணத்துக்கு மாறியது. சதுரத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் ஒரே நகர்வில் 1.4 மடங்கு தூரம் இலவசமாகக் கிடைக்கும். அறுகோணத்தில் அந்தச் சலுகை இல்லை, ஆறு பக்கமும் ஒரே தூரம்.

‘கட்டுப்பாட்டு மண்டலம்’ என்று நேராகப் பெயர்த்தால் அரசாணை வாடை அடிக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

---

மறு: ‘ஸோன் ஆஃப் கன்ட்ரோல்’

> ஒரு காயைச் சுற்றியிருக்கும் ஆறு கட்டங்களும் அதன் ஸாக்.

அப்படியானால் தனிச்சொல் எதற்கு? ‘அண்டைக் கட்டம்’ போதுமே. “எதிரிக் காயின் அண்டைக் கட்டத்தில் நுழைந்தால் நிற்க வேண்டும்.” படிக்கிறவருக்கு உடனே விளங்கும்.

---

மறு: மறு: ‘ஸோன் ஆஃப் கன்ட்ரோல்’

> ‘அண்டைக் கட்டம்’ போதுமே.

போதாது ஐயா. அண்டை என்பது வரைபடம் சார்ந்தது, ஸாக் விதி சார்ந்தது. இரண்டும் பிரிகிற இடங்கள் உண்டு. சில ஆட்டங்களில் பாலமில்லாத பெரிய ஆற்றைத் தாண்டி ஸாக் பரவாது. அக்கரைக் கட்டம் அண்டைதான், ஆனாலும் அங்கே வரும் எதிரி நிற்க வேண்டியதில்லை. சில ஆட்டங்களில் தலைமையகக் காய்களுக்கும் வண்டித் தொடர்களுக்கும் ஸாக்கே கிடையாது. ‘அண்டை’ என்று எழுதிவிட்டால் இப்படி ஒவ்வொரு இடத்திலும் விதிவிலக்கு எழுதிக்கொண்டே போக வேண்டும்.

நிற்கவைப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். பின்வாங்கும் காய்க்கு எதிரியின் ஸாக்கைத் தவிர வேறு வழி இல்லையென்றால், பல ஆட்டங்களில் அது ஒழிந்தது. படைக்கு உணவும் வெடிமருந்தும் வரும் வழங்கல் பாதையை எண்ணும்போதும் எதிரியின் ஸாக் குறுக்கே விழுந்தால் பாதை அறுந்தது. மூன்று விதிகளுக்கும் ஒரே சொல் பயன்பட வேண்டும்.

‘ஆதிக்க எல்லை’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டத்தில் இரு தரப்பின் ஸாக்கும் விழலாம். ஒருவர் ஆதிக்கம் இருந்தால் மற்றவருடையது இல்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது தவறான பொருள்.

சொல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அணிவரிசை அமைக்கும் முறையை அதை வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கட்டங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிய நேர்வரிசை ஒன்றில் இரண்டு காய்களை வையுங்கள்.

நடுவில் ஒரு கட்டம் காலி: அந்தக் கட்டம் மட்டுமல்ல, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு கட்டங்களும் ஸாக்குக்குள் வரும். ஒரு ஸாக்கிலிருந்து நேரே இன்னொரு ஸாக்குக்குப் போகக் கூடாது என்ற விதியும் இருந்தால், உள்ளே நுழைந்த எதிரிக்கு முன்னே போக வழியில்லை. அடைப்பு முழுமை.

நடுவில் இரண்டு காலி: இரண்டும் ஸாக்கில்தான் இருக்கின்றன. ஆனால் பின்வரிசையில் அந்த இரண்டுக்கும் பொதுவாக ஒட்டியிருக்கும் ஒரே ஒரு கட்டம் யாருடைய ஸாக்கிலும் இல்லை. எதிரி இந்த முறை நிற்பான், அடுத்த முறை அந்த ஓட்டை வழியாகப் போய்விடுவான். ஒரு சுற்றுத் தாமதம் போதுமென்றால் இது சிக்கனமான அமைப்பு.

மூன்று காலி என்றால் நட்டநடுக் கட்டத்தில் எந்த ஸாக்கும் இல்லை. எதிரி நிற்காமலே ஊடுருவுவான்.

---

மறு: மறு: மறு: ‘ஸோன் ஆஃப் கன்ட்ரோல்’

நல்ல விளக்கம். ‘வளையம்’ என்ற பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மண்டலம் என்றால் பரப்பு. இங்கே நடுக்கட்டம் நீங்கலாக ஆறு கட்டம் சுற்றி நிற்பதால் வளையம்தான் பொருத்தம். முன்னொட்டுக்கு வருவோம்.

காப்பு வளையம்: காப்பும் கைக்குப் போடுவது, வளையமும் அப்படியே. நகைக்கடைப் பட்டியல் போலாகிவிடும். ‘பாதுகாப்பு வளையம்’ என்று நீட்டினால் செய்தித்தாள் நடை. உள்ளே இருப்பவருக்குக் காவல் என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

தடைவளையம்: தடை என்றால் நுழையவே கூடாது. ஸாக்கில் நுழையலாம், அதற்குப் பிறகுதான் வினை.

மறிவளையம்: இது என்னைக் கொஞ்சம் இழுத்தது. மறித்தல் என்றால் வழியில் நிறுத்துதல். ஆனால் எல்லா ஸாக்கும் நிறுத்துவதில்லை. சில ஆட்டங்களில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ நகர்வுப் புள்ளி கொடுத்துவிட்டுத் தாண்டிப் போகலாம். அங்கே ‘மறி’ பொய்யாகிவிடும்.

என் முன்மொழிவு: பிடிவளையம். பிடி இறுகவும் செய்யும், தளரவும் செய்யும். நுழைந்ததும் நிற்கவைத்தால் இறுகுபிடி. புள்ளி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டால் இளகுபிடி. சண்டையின் முடிவில் இருவரில் ஒருவர் பின்வாங்கவோ ஒழியவோ செய்தாலொழிய வெளியேறவே முடியாத வகைக்குப் பெயர் தேடவே வேண்டாம், உடும்புப்பிடி. எஸ்.பி.ஐ. நிறுவனம் 1971-இல் வெளியிட்ட நெப்போலியன் அட் வாட்டர்லூ இந்த வகை. சிறிய ஆட்டம், விதிகளும் கொஞ்சம்தான். ஆனால் இரண்டு காய்கள் ஒட்டிவிட்டால் பிரிப்பது பகடைதான்.

---

மறு: பிடிவளையம்

> இறுகுபிடி, இளகுபிடி, உடும்புப்பிடி

உடும்புப்பிடிக்கு என் இரண்டு கையும் தூக்கினேன். இதையே சாக்காக வைத்து இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். பழைய அவலான் ஹில் ஆட்டங்களில் ‘ஸோக் ஆஃப்’ என்றொரு உத்தி உண்டு. யார் யார் பிடிவளையத்தில் நிற்கிறோமோ அத்தனை எதிரிக் காய்களையும் தாக்கியே ஆக வேண்டும் என்ற விதி இருந்தால் இது தானாக முளைக்கும்.

கணக்கு இப்படி. எதிரியிடம் வலு 4 உள்ள இரண்டு காய்கள் வெவ்வேறு கட்டத்தில். நம்மிடம் மொத்தம் 13: வலு 6 இரண்டு, வலு 1 ஒன்று. மூன்றையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாகத் தாக்கினால் 13-க்கு 8. விகிதத்தை எப்போதும் தற்காப்பவருக்குச் சாதகமாகக் குறைக்க வேண்டும், ஆகவே 1:1. அது சூதாட்டம். மாறாக 12-ஐ ஒரு காய்மேல் இறக்கினால் சுத்தமாக 3:1. மிச்சமிருக்கும் வலு 1 காய் மற்றதை 1:4-இல் தாக்கும். அது பெரும்பாலும் அடிவாங்கும், பரவாயில்லை, விதிக்குக் கணக்குக் காட்டியாயிற்று.

12-க்குப் பதில் 11 இருந்தால் 11-க்கு 4, அது 2:1 ஆகிவிடும். ஒரே ஒரு புள்ளிக் குறைவில், விகிதத்தையும் பகடையையும் வைத்துச் சண்டை முடிவு பார்க்கும் அட்டவணையில் ஒரு முழு நிரலே போய்விடுகிறது. முதலில் 3:1-க்கு வேண்டியதை எண்ணி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் இந்த வேலைக்கு அனுப்ப வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பெயர்? விளையாட்டில் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதானே. ஒப்புக்குத் தாக்குவதால் ‘ஒப்புத்தாக்கு’.

---

மறு: மறு: பிடிவளையம்

ஒப்புத்தாக்கு பிரமாதம். பிடிவளையத்துக்கு ஓர் ஐயம்: இது எல்லாப் போர்ப்பலகை ஆட்டத்துக்கும் பொதுவான சொல்லாகக் கலைச்சொல் பட்டியலில் ஏறக் கூடாது. பான்சர்பிளிட்ஸ் (1970) ஆட்டத்தில் பிடிவளையம் என்பதே இல்லை. எதிரியின் கண்முன்னே ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு டாங்கிகள் ஓடி ஒளியலாம், அவை நகரும்போது எதிரி சுடவும் வழியில்லை. ‘பான்சர்புஷ்’ என்று ஆட்டக்காரர்கள் கிண்டலடித்தது இதைத்தான். 1974-இல் வந்த பான்சர் லீடர் இதற்குப் பிடிவளையத்தைக் கொண்டுவராமல், நகரும் காயை இடைமறித்துச் சுடும் விதியைச் சேர்த்தது. ஒரு காய் ஒரு சிறு படைக்குழுவைக் (பிளட்டூன்) குறிக்கும் அளவில் ஆடும் ஆட்டங்களில் துப்பாக்கி எட்டும் தூரம்தான் பேசும், ஆறு கட்ட வளையம் அல்ல. ஆகவே விளக்கத்தில் “சில ஆட்டங்களில்” என்று தொடங்குங்கள்.

சொல் கிளைக்குமா என்றும் பார்த்தேன். ஹாலண்ட் ’44 (2017) ஆட்டத்தில் ‘ஸாக் பாண்ட்’ உண்டு. நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்கும் இரண்டு காய்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழும், எதிரி அதைக் கடக்க முடியாது. மேலே ஒருவர் விளக்கிய ஒரு கட்ட இடைவெளியைத்தான் இங்கே தனி விதியாகவே ஆக்கிவிட்டார்கள். ‘பிடிப்பிணைப்பு’ என்று இடறாமல் வருகிறது.

---

மறு: மறு: மறு: பிடிவளையம்

நன்றி நண்பர்களே. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

பிடிவளையம்: சில ஆட்டங்களில், ஒரு காயைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களுள், எதிரியின் நகர்வு, பின்வாங்கல், வழங்கல் பாதை ஆகியவற்றை அந்தக் காய் பாதிக்கும் கட்டங்கள். நில அமைப்பால் ஆறுக்கும் குறையலாம்.

‘பிடி வளையம்’ என்று பிரித்து எழுதினால் “வளையத்தைப் பிடி” என்ற ஏவலாகவும் படிக்கலாம், அதனால் சேர்த்தே எழுதுவோம். ‘இளகுபிடி’யில் கூடுதல் புள்ளியை நுழையும்போது கொடுப்பதா வெளியேறும்போதா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அதற்கு ‘நுழைகூலி’, ‘விடுகூலி’ என்று இரண்டு சொல் தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.