வாசல் பலகையில் ‘சீ’யா, ‘சீயிங்’கா?

நான் (காலை 7:10): பெரியப்பா, குன்னூர் விருந்தினர் இல்லத்தின் வாசலில் வைக்கவிருக்கும் பலகைக்கு, ‘தேங்க் யூ ஃபார் ஸ்டேயிங் வித் அஸ். வீ லுக் ஃபார்வர்ட் டு சீ யூ அகெய்ன்’ என்று எழுதியிருக்கிறேன். பெயின்டர் மதியம் வருகிறார். பிழை இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா (7:24): முதல் வரி சரி, கண்ணு. இரண்டாவது வரியில் ‘சீயிங்’ என்று வர வேண்டும்.

அண்ணன் (7:26): ‘ஐ வான்ட் டு சீ தொட்டபெட்டா’ என்றுதானே எழுதுகிறோம், பெரியப்பா? ‘டு’வுக்குப் பின் வினை அப்படியே வரும் என்றுதான் பள்ளியில் படித்தோம்.

பெரியப்பா (7:41): அது வேறு ‘டு’, தம்பி. தமிழில் ‘தொட்டபெட்டாவைப் பார்க்க விரும்புகிறேன்’ என்கிறோம்; ‘டு சீ’ இரண்டும் சேர்ந்துதான் இந்தப் ‘பார்க்க’. அந்தப் ‘பார்க்க’ என்னும் வினையெச்சத்தோடு ‘கு’ உருபைச் சேர்த்துப் ‘பார்க்கக்கு’ என்று கோத்தகிரிச் சந்தையில்கூட யாரும் பேசுவதில்லை. உருபு வேண்டுமென்றால் வினையைத் தொழிற்பெயராக்கிப் ‘பார்ப்பதற்கு’ என்றுதான் சொல்கிறோம். நம் உருபு பின்னால் ஒட்டிச் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இன், ஆஃப், ஃபார், வித்தவுட் போன்ற பிரிபொசிஷன்கள் முன்னால் நின்று செய்கின்றன. அவற்றுக்கும் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்பதால், அங்கே வரும் வினை ‘இங்’ ஏற்று ஜெரண்ட், அதாவது ஆங்கிலத் தொழிற்பெயர், ஆகிவிடுகிறது. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இனத்து ‘டு’.

அத்தை (7:48): இரண்டு ‘டு’வும் பார்வைக்கு ஒன்றாகத்தானே இருக்கின்றன, அண்ணா? எப்படிப் பிரித்தறிவது?

பெரியப்பா (7:55): வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார், அம்மா. ‘லுக் ஃபார்வர்ட் டு த ஃப்ளவர் ஷோ’ பொருந்துகிறது. ‘வான்ட் டு த ஃப்ளவர் ஷோ’ பொருந்தவில்லை. ஊட்டிக் குளிரில் வாழ்ந்து பழகிவிட்டேன் என்பதற்கு ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் த கோல்ட்’; இது பிரிபொசிஷன் ‘டு’. முன்பெல்லாம் மேட்டுப்பாளையத்திற்கு மலை ரயிலில் போவேன் என்பதற்கு ‘ஐ யூஸ்ட் டு கோ’; இது ‘வான்ட் டு’வில் வரும் ‘டு’. இந்த இரண்டில் பலர் தடுமாறுகிறார்கள்.

அண்ணன் (7:58): விதிவிலக்கே கிடையாதா?

பெரியப்பா (8:03): உண்டு. மண்சரிவால் ரயில் நின்றுவிட்ட நாளில் ‘வீ குட் டூ நத்திங் பட் வெயிட்’ என்போம்; ‘தவிர’ என்ற பொருளில் பிரிபொசிஷனாக வந்தாலும் அந்தப் ‘பட்’டுக்குப் பின் ‘வெயிட்டிங்’ வராது.

நான் (8:10): ‘இங்’ சேர்த்தால் பலகையில் இடம் போதாதே, பெரியப்பா.

பெரியப்பா (8:11): ‘அகெய்ன்’ என்பதை எடுத்துவிடு, கண்ணு.