ஒப்புக்கொடுத்துவிட்டேன், கை மட்டும் செல்போனை விடமாட்டேன் என்கிறது

முத்துநகர் டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊர் தூத்துக்குடி, ரிட்டயர்டு டீச்சர். மகன் சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். முதல்முறை அவன் கிளம்பியபோது சபை ஐயர் (எங்கள் போதகர்) வீட்டுக்கு வந்து ஜெபித்தார். "இனி இவன் உம்முடைய பிள்ளை ஆண்டவரே" என்று நானும் சத்தமாகத்தான் சொல்லி அவனை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தேன். அன்று ராத்திரியே கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பைச் செல்போனில் ஏற்றிக்கொண்டேன்.

கரையோரம் போகும்வரை சின்ன அம்புக்குறி நகரும். நடுக்கடலில் நின்றுவிடும். காசு கட்டாதவர்களுக்கு அவ்வளவுதான். கப்பலின் சிக்னல் கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு எட்டவேண்டும். இது தெரிந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பேன்.

2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹவுதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்களே, அப்போது தாங்காமல் அவன் கம்பெனி ஆபீசுக்கே போன் போட்டேன். என் பையனை அந்த வழியாக அனுப்பாதீர்கள் என்றேன். விஷயம் கப்பல் வரை போய், சாப்பாட்டு மேஜையில் அவனைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கப்பல் என்னவோ செங்கடலை விட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போயிற்று. அது என் போனுக்கு முன்பே எடுத்த முடிவாம்.

என் ஜெபத்தையும் கவனித்துப் பார்த்தேன். இந்த வழி வேண்டாம், இன்ன தேதிக்கு இறங்கவேண்டும், நல்ல கேப்டன் வேண்டும். டைம்டேபிள் போடுகிறேன்! நான் ஹெட்மிஸ்ட்ரஸ், ஆண்டவர் எனக்குக் கீழே வேலை பார்க்கிற வாத்தியார். ஒப்புக்கொடுப்பது என்றால் என்னதான் செய்யவேண்டும்? ஆப்பை அழிக்கவா?

விசுவாசப் பயணி:
அழித்துவிடுங்கள் சிஸ்டர். இயேசுவிடம் போகக் கடல்மேல் நடந்த பேதுரு, காற்றைப் பார்த்ததால்தான் அமிழ்ந்தான்.

நாசரேத் அக்கா:
பிரதர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மோசேயின் தாய் பிள்ளையைச் சும்மா கொண்டுபோய் நதியில் விடவில்லை. நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். அக்காள்காரி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவிசுவாசம் என்று யாராவது பிரசங்கம் பண்ணியிருக்கிறார்களா? ஆனால் டீச்சர், அந்தப் பெட்டிக்குத் திசை திருப்பும் சுக்கான் கிடையாது. படிக்கவைத்தது, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது எல்லாம் நீங்கள் பூசிய பிசின். ஆபீசுக்குப் போட்ட போன் சுக்கான்.

இன்ஜின் ரூம்காரன்:
ஆன்ட்டி, நானும் கப்பலில்தான் இருக்கிறேன். எங்கள் அம்மாவும் உங்களைப் போலத்தான். ஒருமுறை நீராவிக் குழாயில் கை பட்டு வெந்துவிட்டது. ஊருக்கு வரும்வரை சொல்லவில்லை. சொன்னால் ஆபீசுக்குப் போன் போவது நிச்சயம். உங்கள் மகனும் எதையாவது மறைத்துத்தான் வைத்திருப்பான். இன்னொன்று: தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர் அபாயப் பகுதி என்று அறிவித்த இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் பாடு. எங்களிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், போதும்.

முத்துநகர் டீச்சர்:
பிரதர், ஆப்பை இன்னும் அழிக்கவில்லை, மன்னிக்கவும். ராத்திரி செல்போனை அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறேன். இரண்டு நாள் தூக்கமே வரவில்லை, மூன்றாம் நாள் வந்தது.

அக்கா, சுக்கான் என்ற வார்த்தை சுருக்கென்று குத்தியது. காலை ஜெபத்தில் தேதி எதுவும் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா முழங்காலில் இருந்தேன்.

நேற்று மகன் வீடியோவில் வந்தான். ஆபீசுக்குப் போன் பண்ணியது தப்புதான் என்று சொன்னேன். சரி விடுங்கம்மா என்றான். டீக் கப்பைத் தூக்கும்போது பார்த்தேன், இடது மணிக்கட்டில் பழைய தழும்பு. எப்போது பட்டது என்று வாய்வரை வந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.