புதுப்பிப்பு: பி கேமரா வெளி டைம்கோடை எடுக்காத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏ, பி என்ற இரண்டு கேமராவிலும் டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் என்று விழும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். ஏ கேமராவிலிருந்து பிஎன்சி (திருகிப் பூட்டும் முனையுள்ள) கேபிள் போட்டும் பி கேமரா தன் சொந்த டைம்கோடிலேயே ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

பி-யில் டிசி (டைம்கோடு) இன், அவுட் இரண்டுக்கும் ஒரே சாக்கெட். பக்கத்தில் உள்ள சின்ன ஸ்விட்ச் 'இன்' பக்கம் இருக்க வேண்டும். அதைத் தள்ளியும் பலனில்லை. கைகொடுத்தது "ரெக் ரன்னை விட்டு ஃப்ரீ ரன்னுக்குப் போங்கள்" என்ற யோசனை. ரெக் ரன்னில் பதிவாகும்போது மட்டுமே எண் நகரும், ஃப்ரீ ரன்னில் நிற்காமல் ஓடும். இந்த கேமரா ரெக் ரன்னில் வெளி சிக்னலை ஏற்பதில்லை. மாற்றியதும் இரண்டு திரையிலும் ஃப்ரேம் வரை ஒரே எண். கேபிளை மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. எல்டிசி (கேபிளில் போகும் டைம்கோடு) ஆடியோ அலைவரிசையில் போகும் சிக்னல், சாதாரண 75 ஓம் கேபிளே தாராளம்.

எதிர்பாராதது ஒன்று. கேபிளைக் கழற்றியபின் வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனது. ஏ டிராப் ஃப்ரேம் (கடிகாரத்தோடு ஒத்துப்போக சில எண்களைத் தாண்டும்), பி நான்-டிராப் (எதையும் தாண்டாது). விநாடிக்கு 29.97 ஃப்ரேமில் இந்த வித்தியாசம் மணிக்கு 108 ஃப்ரேம், கிட்டத்தட்ட 3.6 விநாடி. இரண்டையும் டிராப் ஃப்ரேமில் வைத்ததும் சரியானது. (25-இல் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.)

அதன்பிறகும் நீண்ட பதிவில் ஓரிரு ஃப்ரேம் நழுவலாம். ஒவ்வொரு கேமராவின் கிரிஸ்டல் கடிகாரமும் தன் போக்கில் ஓடும். ஜென்லாக் (இரண்டு கேமராவின் ஃப்ரேம் ஓட்டத்தையும் ஒன்றாகப் பூட்டும் சிக்னல்) கொடுத்தால் அதுவும் நிற்கும். ஜென்லாக் இல்லையென்றால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் கேபிளைச் செருகி மறுபடி ஜாம் செய்துகொள்ளுங்கள் (டைம்கோடை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்).