விமானச் சத்தத்தால் இரத்த அழுத்தம் கூடுமா?

கேள்வி:
பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலாகத்தான் விமானங்கள் தரையிறங்கப் போகின்றன. நள்ளிரவு தாண்டி ஒன்று கடந்தால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அம்மா திடுக்கிட்டு எழுந்து, நெஞ்சைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மூன்று மாதமாக இரத்த அழுத்தம் மாத்திரைக்கும் அடங்கவில்லை. சத்தம்தான் காரணமா?

பதில்:
இருக்கலாம். நாம் உறங்கினாலும் காது உறங்குவதில்லை. சத்தம் கேட்டதும் அட்ரினலின் சுரந்து நாடி எகிறும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதலில், இரவு விமான இரைச்சலுக்குச் சராசரி வரம்பு 40 டெசிபல். தூக்கம் கெடுவதையும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

பதில்:
அம்மாவின் கட்டிலை உள்ளறைக்கு மாற்றுங்கள் தம்பி. ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டிய பிறகுதான் என் மாமியார் கண்ணயர்ந்தார்.

கேட்டவர்:
நன்றி அக்கா. கட்டிலை இன்றே நகர்த்துகிறேன்.