கங்காரு எலி மேடு: மண் நுண்ணுயிருக்கு நல்லதா, கெட்டதா?

மண்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். மண் நுண்ணுயிரியல் படிக்கிறேன். அடுத்த மாதம் நியூ மெக்சிகோவின் தெற்குப் பக்கம், சிவாவா பாலைவனத்தில் மண் மாதிரி எடுக்கப் போகிறோம். அங்கே கங்காரு மாதிரிப் பின்னங்காலில் தாவிப் போகும், வால் நுனியில் வெள்ளைக் குஞ்சம் வைத்த பெரிய கங்காரு எலி ஒன்று இருக்கிறது, அது கட்டும் மேடுகளைத்தான் பார்க்கப் போகிறோம். எனக்குப் புரியாதது இதுதான்: பாலைவன மண்ணின் மேல், பாலில் ஏடு படிவது மாதிரி நீலப்பச்சைப் பாசிகள் ஒரு படலம் கட்டியிருக்கும். காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுப்பதே பெரும்பாலும் அதுதான். எலி தோண்டினால் அந்த ஏடு உடைந்துபோகும். அப்புறம் எப்படி மேட்டு மண்ணில் நைட்ரேட் (செடிகள் உறிஞ்சும் நைட்ரஜன் சத்து) அதிகம், நுண்ணுயிர் அதிகம் என்கிறார்கள்?

வளைக்குள்:
இரண்டும் உண்மைதான், நடக்கும் இடம்தான் வேறு. ஏடு வெளிச்சத்தை நம்பி மேல் சில மில்லிமீட்டரில் வாழ்வது. எலி மிதித்து, மேலே புழுதி தள்ளிக்கொண்டே இருக்கும் மேட்டில் அது பிழைக்காது. ஆனால் அடியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வெளிச்சம் தேவையில்லை, அவற்றுக்குச் சோறும் ஈரமும் கிடைத்தால் போதும். பாலைவன மண்ணில் இல்லாததே அவை இரண்டும்தான்.

எலி என்ன செய்கிறது? சுற்றுவட்டாரத்து விதைகளையெல்லாம் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் குவிக்கிறது. அரிசோனாவில் ஒரே வளையிலிருந்து கிலோக்கணக்கில் விதை எடுத்த பதிவு 1922-லேயே இருக்கிறது. உமி, தின்னாமல் விட்ட விதை, புழுக்கை, சிறுநீர் எல்லாம் அங்கேயே சேர்கிறது, ஒரு எலி போனால் இன்னொன்று அதே மேட்டில் குடியேறி அதே வேலையைத் தொடர்கிறது. நம் ஊர்க் குப்பைக்குழியில் எரு மக்குவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். தோண்டிய மண் பொலபொலவென்று இருப்பதால் மழை நீரும் எளிதாக உள்ளே இறங்கும். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டு கரியமில வாயுவை விடும், தின்ன கரிமம் இருக்கும் இடத்தில் அந்த வேகம் இன்னும் கூடும். இன்னொன்று, ஆழத்திலிருந்து சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த மண்ணும் மேலே வந்துவிடுகிறது, அதையும் கணக்கில் எடுங்கள்.

அதனால் மேட்டில் ஒரே ஒரு மாதிரி எடுத்துவிட்டு வராதீர்கள். மேட்டின் மேல், அதன் விளிம்பு, இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள வெளி என்று மூன்று இடத்திலும், மேல் ஏட்டைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் எடுங்கள். கலந்துவிட்டால் நீங்கள் கேட்ட கேள்விக்கே பதில் கிடைக்காது.

கரிசல்காடு:
விதைக் கிடங்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்த எலி தண்ணீர் குடிக்காமலே வாழும், விதையில் உள்ள ஈரமும், தின்றது உடலுக்குள் எரிந்து சக்தியாகும்போது உண்டாகும் நீருமே அதற்குப் பெரும்பாலும் போதும். வளைக்குள் வெளியைவிட ஈரப்பதம் அதிகம், அதனால் சேமித்த விதையில் பூசணம் பிடிக்கும். கூண்டில் வைத்துச் சோதித்தபோது, நன்றாகப் பூசணம் பூத்துப்போன விதையைவிட, ஏன் சுத்தமான விதையைவிடவும், லேசாகப் பூசணம் பிடித்ததையே இவை விரும்பின. ஈரம் வேறுவேறாக உள்ள அறைகள் கொடுத்தால் விதையை இடம் மாற்றியும் வைக்கின்றன. எலி பூஞ்சைக்கு வெறுமனே இடம் கொடுக்கவில்லை, அது எவ்வளவு வளரலாம் என்பதிலும் அதற்குக் கை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மண்வாசி:
மிக்க நன்றி, மாதிரித் திட்டத்தை இன்றே மாற்றுகிறேன். ஆனால் எலி முதலிலேயே நல்ல மண்ணைப் பார்த்து வளை போட்டிருந்தால்?

வளைக்குள்:
சரியான சந்தேகம். மேட்டையும் வெளியையும் ஒப்பிட்டு மட்டும் அதைத் தீர்க்க முடியாது, எலியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அரிசோனாவில் போர்ட்டல் என்ற ஊருக்கு அருகே 1977-லிருந்து அப்படி ஒரு பரிசோதனை நடக்கிறது: வேலியில் சின்ன எலி நுழையும், கங்காரு எலி நுழையாத அளவுக்கு ஓட்டை. 12 ஆண்டில் கங்காரு எலி இல்லாத நிலத்தில் உயரமான புல் ஏறக்குறைய மூன்று மடங்கானது. அது செடிகளை அளந்த முடிவு, நுண்ணுயிரை அல்ல. ஆனாலும் புல் மாறினால் வேரும் சருகும் மாறும், மண்ணுக்குள் போகும் தீனியும் மாறும். உங்களுக்கு வேலி போட நேரமில்லை, ஆகவே எலி விட்டுப்போன பழைய மேடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கும் மேட்டுக்கும் கைவிட்ட மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும்.

நாட்டுமருந்து:
தம்பி, படிப்பு ஒருபுறம் இருக்கட்டும், முகக்கவசம் இல்லாமல் அந்த வளையைத் தோண்டாதே. நுரையீரலைத் தாக்கும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் (Valley fever) என்ற நோயைத் தரும் காக்சிடியாய்டிஸ் பூஞ்சை அந்தப் பகுதி மண்ணில் உண்டு. அரிசோனாவில் பாலைவனக் கொறிணிகளின் உடலிலிருந்தே அதை 1942-இல் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அவை செத்தபின் அந்த உடலைத் தின்று பூஞ்சை மண்ணில் பரவுகிறது என்றும் ஒரு கருத்து இருக்கிறது. தூசியோடு மூச்சில் போனால்தான் ஆபத்து. என்95 போட்டுக்கொள், காற்றடிக்கும் நாளில் தோண்டாதே, மாதிரியை ஆய்வகத்தில் திறக்கும்போதும் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே திற. திரும்பி வந்து சில வாரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தால், எங்கே போனாய் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்.