பின்னல் ஹோஸா, ரப்பர் ஹோஸா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நாலு வருடமாக என் ஸ்கூபா ரெகுலேட்டரில் (டேங்க் காற்றைத் தண்ணீருக்கடியில் மூச்சுவிடத் தரும் சாதனம்) வாய்க்கு வரும் குழாய், அதாவது ஹோஸ், பின்னல்தான். நைலான் நூலால் பின்னிய மேலுறை உள்ள வகை. ரப்பர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்காது, பையில் சுருட்டிப் போடலாம், தலையைத் திருப்பினால் வாயில் இருப்பதைப் பிடுங்காது. வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பிடித்த சாமான் அது. அதனால்தான் இதை எழுதவே கொஞ்சம் மனசில்லை.

18 மீட்டர் ஆழத்தில் மூச்சு இறுக ஆரம்பித்தது. நின்றுவிடவில்லை, ஒல்லியான ஸ்ட்ரா வழியாகக் குடிப்பது போல வந்தது. மெதுவாக இழுத்தால் கிடைக்கிறது. பதற்றத்தில் வேகமாக இழுத்தால் பாதியில் நிற்கிறது. டேங்க் வால்வைச் சரியாகத் திறக்கவில்லை போல என்று, டேங்கின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தேன். 140 பார். மூச்சை இழுத்துக்கொண்டே ஊசியைக் கவனித்தேன், அசையவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியாது. ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கென்று தனி ஹோஸில் இருக்கும் இன்னொரு வாய்க்கருவியை, எடுத்து வாயில் வைத்தேன், காற்று தாராளமாக வந்தது. கூட வந்தவருக்குச் சைகை காட்டிவிட்டு ஏறிவிட்டோம்.

கரையில் சர்வீஸ்காரர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். டேங்கில் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அழுத்தம் சரி, வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜும் சரி. அந்த ஒரு ஹோஸை மட்டும் மாற்றினால் எல்லாம் சரி. கழற்றியதை நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்குழாயின் சுவரில் மஞ்சள் நிறத்தில், கற்கண்டுத் தூள் ஒட்டியது போலப் படிகங்கள். விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிர்கிறது. ஓரிடத்தில் துவாரமே பாதிக்கு மேல் அடைத்திருந்தது. மேலே பின்னலில் சாயம்கூட வெளுக்கவில்லை!

பிறகுதான் தேடிப் படித்தேன். டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு இதே கோளாறைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. உள்குழாய் பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகை இருந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல உடைக்கும். உடைந்தது படிகமாகிக் குழாயின் உள்ளேயே படியும். பாலியீத்தர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். என் ஹோஸ் எந்த வகை என்று அதன் மேல் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இப்போது எதை வாங்குவது என்ற குழப்பம். ரப்பருக்கே திரும்பிவிடலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

* * *

ரப்பர் என்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வெடித்ததே ரப்பர்தான்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கம் ஹோஸ் மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவசம் போடுவோமே, அதைப் போட்டிருந்தேன். போட்ட பிறகு அதை நகர்த்திப் பார்த்ததே கிடையாது. டைவ் முடிந்து 6 மீட்டரில் நிற்கும்போது தலைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே குமிழி. முகத்துக்கு நேரே நீட்டிய கைகூடத் தெரியவில்லை. டேங்கில் 70 பார் இருந்தது. தோழர் தன் ஆக்டோபஸை நீட்ட, அதில் மூச்சு விட்டபடி மேலே வந்தோம். ஏணியைப் பிடிக்கும்போது ஊசி பூஜ்யத்தில் கிடந்தது.

கவசத்தை இழுத்துப் பார்த்தால் கிரிம்ப் பக்கத்தில், உலோக வளையம் ரப்பரைக் கவ்வும் இடத்தில், சுற்றிலும் வெடிப்பு. வறண்ட குளம் மாதிரி. ஒரே நாளில் வந்ததாக இருக்காது. மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும், நான்தான் மூடி வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். உப்பும் மணலும் தங்கவும் அந்தக் கவசமே இடம் கொடுத்திருக்கிறது. இப்போது கவசம் இல்லாமலே ஓட்டுகிறேன்.

* * *

நான் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறவன், சில விஷயம் சொல்கிறேன்.

முதல் பதிவில் ஊசி அசையவில்லை என்றாரே, அதுதான் துப்பு. வால்வு பாதி திறந்திருந்தாலோ ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் கேஜ் ஊசி விழுந்து எழும். ஊசி அப்படியே நின்று மூச்சு மட்டும் இறுகினால், கோளாறு ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலோ அதற்குப் பிறகோதான். ஆக்டோபஸில் சரளமாக வந்ததால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும் விட்டுவிடலாம். மிச்சம் அந்த ஒரு ஹோஸும் செகண்ட் ஸ்டேஜும்தான்.

அடுத்து, "ரப்பர் ஹோஸில் பின்னல் கிடையாது" என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் உண்டு, உள்ளே இருக்கிறது. உள்குழாய், அதன் மேல் நூல் பின்னல், அதற்கு மேல் ரப்பர் தோல். இந்தத் தோலில் வேண்டுமென்றே ஊசியால் குத்தியது போல நுண்துளைகள் விட்டிருப்பார்கள். உள்குழாய் வழியாகக் கசியும் கொஞ்சக் காற்று தோலுக்கு அடியில் தேங்கிக் கொப்புளம் ஆகாமல் வெளியேறத்தான். அதனால் ஹோஸ் நெடுக இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொடிக் குமிழி வந்தால் பதற வேண்டாம். பின்னல் ஹோஸிலும் மேலுறை வழியாக அப்படி வரும். ஒரே இடத்திலிருந்து கோடு பிடித்தது போல வந்தாலோ, தோல் ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள்.

வெடிப்பதைப் பற்றியும் ஒன்று. கேஜுக்குப் போகும் ஹோஸில் 200 பார் அழுத்தம் என்பதால் எல்லோருக்கும் அதைக் கண்டுதான் பயம். ஆனால் அந்த ஹோஸுக்குக் காற்று வரும் வழியில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டைதான் இருக்கும். அது வெடித்தால் ஆர்ப்பாட்டம் அதிகம், காற்று போவது மெதுவாகத்தான். மேலே வர நேரம் கிடைக்கும். செகண்ட் ஸ்டேஜ் ஹோஸில் சுற்றியுள்ள நீரழுத்தத்தை விட 9, 10 பார்தான் கூடுதல், ஆனால் வழி அகலம். அது அறுந்தால் இரண்டாவது பதிவு எழுதியவருக்கு ஆனது போலச் சடசடவென்று காலியாகும். கேஜ் ஹோஸைத் தடவித் தடவிப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஒரு குறையும் இருக்கிறது, எங்கள் ஆட்களைத்தான் சொல்கிறேன். சர்வீஸ் என்றால் இரண்டு ஸ்டேஜையும் பிரித்து ஓ-ரிங் மாற்றுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹோஸ் வந்தபடியே திரும்பப் போகிறது. ஹோஸையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

* * *

கழுத்தில் டிஸ்க் பிரச்சினை உள்ளவள் நான். குளிர்ந்த தண்ணீரில் ரப்பர் விறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாடையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு சாப்பிட வாயைத் திறக்க முடியாது. பின்னல் ஹோஸ் மாற்றியபின் அந்த வலி போனது. படிகக் கதையெல்லாம் படித்தேன், பயம்தான். ஆனாலும் ரப்பருக்குத் திரும்ப மாட்டேன். தாடை என்னுடையது.

ஒரே புகார், வெட்சூட்டின் கழுத்துப் பட்டைக்கு மேலே தோலில் உரசுகிறது. பின்னலுக்குள் மணல் ஏறிவிட்டால் உப்புத்தாள்தான்.

* * *

நான் குகை டைவ் செய்கிறவன். 2 மீட்டருக்குச் சற்று அதிகமான நீள ஹோஸை மார்பைச் சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுவருவோம். அதற்குப் பின்னலைப் போட்டுப் பார்த்தேன். இலேசாக இருப்பதால் மிதக்கிறது. ரப்பர் மார்பில் படிந்து கிடக்கும். இது வளையமாக எழும்பி நின்று எதிலாவது மாட்டப் பார்க்கும். மூன்றே டைவில் கழற்றிவிட்டேன். குட்டி ஹோஸுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

* * *

ஒரு கேள்வி, முதல் பதிவு எழுதியவருக்கு. உங்கள் ரெகுலேட்டர் டைவ் இல்லாத நாட்களில் எங்கே இருக்கும்? நான் கார் டிக்கியில் ஈரத்தோடு போட்டுவைக்கிற ஆள்.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி.

கேட்டவருக்கு: நானும் டிக்கிதான். கழுவிவிட்டு, சொட்டச் சொட்டப் பையில் போட்டு, பையை டிக்கியில் போட்டு, அடுத்த டைவுக்குத்தான் திறப்பேன். ஈரமும் சூடும் என்று படித்தபோதே சுருக்கென்றது. இப்போது வீட்டுக்குள் நிழலில், பெரிய வளையமாகச் சுற்றிக் கிடத்தி வைக்கிறேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால் ஹோஸ் எல்லாம் கிரிம்ப் பக்கத்தில் வளைந்து நிற்கிறது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

சரி, முடிவு. வாய்க்கு வரும் ஹோஸுக்கு ரப்பர் வாங்கிவிட்டேன். விறைப்பு பிடிக்கவில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். ரப்பர் கெடும்போது வெளியே வெடிப்பாவது தெரியும், கவசத்தைத் தள்ளிவிட்டு வளைத்துப் பார்த்தால் போதும். பின்னலில் எனக்கு வந்த கோளாறு உள்ளேயே நடந்தது. நான் வெளிச்சாயத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். பிசிடிக்கு, அதாவது காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் மேற்சட்டைக்கு, போகும் ஹோஸில் மட்டும் பின்னலை விட்டுவைத்திருக்கிறேன். அது அடைத்தாலும் வாயால் ஊதிக்கொள்ளலாம்.

டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பின்னலோடே இருங்கள், ஆனால் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் எங்காவது எழுதி வையுங்கள். 5 வருடத்துக்கு மேல் எந்த ஹோஸையும் ஓட்டுவதில்லை என்று கரையில் என் ஹோஸைக் கீறிக் காட்டிய அந்த சர்வீஸ்காரர் சொன்னார். என்னுடையது நாலிலேயே போய்விட்டது. அவர் எனக்குக் காட்டிக்கொடுத்த சோதனை இது: இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்ப்பது. வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அப்புறம் காதருகே வைத்து மெதுவாக வளைக்க வேண்டும், உள்ளே நறநற சத்தம் வருகிறதா என்று. நீள ஹோஸ் என்றால் நேராக இழுத்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

கீறிய அந்தத் துண்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. மேசை மேல் இருக்கிறது, தொட்டால் இன்னும் உதிர்கிறது.